எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, மகனின் முதுகு வலி மட்டும் போகவில்லை: போன் ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?

நோர்வூட் அப்பா (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போகிற ஆளாகவே இருந்தேன். இப்போது எனக்கே ஒரு கேள்வி வந்துவிட்டது.

மகனுக்கு 15 வயது. பாடசாலை கடினப்பந்து அணியில் வலது கை வேகப்பந்து. ஏழு கிழமையாக இடுப்புக்குச் சற்று மேலே இடது பக்கம் வலி. ஒரே விரலை வைத்து "இந்த இடம்தான் அப்பா" என்று காட்டுகிறான். பந்து போட்டு முன்கால் தரையில் விழும்போது சுரீர் என்கிறது. பின்னால் வளைந்தாலும் வலிக்கிறது. குனிந்தால் அவ்வளவாக இல்லை.

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் பூசுமருந்து தந்தார்கள். பிறகு பெரிய வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லாயிருக்கு, தசைப்பிடிப்பு" என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு கிழமை ஓய்வில் வலி போய்விட்டது. சந்தோஷமாக மைதானத்துக்குப் போனவன் மூன்றாவது ஓவரில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

போன சனிக்கிழமை ஒரு தனியார் வைத்தியரிடம் காட்டினோம். போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) அல்லது எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் எடுக்கும் படம்) செய்து பார்க்கலாம் என்றார். போன் ஸ்கேன் என்றால் கதிர்மருந்தை ஊசியில் ஏற்றுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் அவனுடைய அம்மா சாப்பிடவில்லை. நான் கணக்கப்பிள்ளை வேலை பார்க்கிறவன், இதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் முக்கியமான மேட்ச் வேறு இருக்கிறது. ஏற்கெனவே எக்ஸ்ரே எடுத்தாயிற்றே, இன்னும் எதற்குப் படம்?

பழைய வேகம் (திங்கள், இரவு 10.15)

தம்பி, பயப்படாதீங்க. நான் 80களில் டிக்கோயாப் பக்கம் போடாத மைதானம் கிடையாது. எல்லா வேகப்பந்துக்காரனுக்கும் முதுகு வலிக்கும். சித்தாலேப்ப பூசி, சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு அடுத்த நாள் காலையில் திரும்பவும் ஓடுவோம். ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும், அப்புறம் பயத்திலேயே பையன் பந்தைக் கீழே வைத்துவிடுவான். நல்ல வெதமாத்தயா (நாட்டு வைத்தியர்) ஒருவரிடம் எண்ணெய் போட்டு வழித்துவிட்டுப் பாருங்கள்.

எக்ஸ்ரே அறை, கண்டி (செவ்வாய், காலை 5.50)

நைட் டியூட்டி முடிகிற நேரம். பஸ் வரும்வரை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கதிர்ப்படப்பிடிப்பாளன், வைத்தியர் இல்லை. உங்கள் மகனுக்கு என்ன என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைச் சொல்லலாம்.

பழைய வேகம் அண்ணே, கோபிக்காதீர்கள். இந்தப் பையனுக்கு எண்ணெய் வழிப்பு மட்டும் இப்போது வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதுகெலும்பின் ஒவ்வொரு கட்டைக்கும் பின்பக்கத்தில் ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தில் மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் சேர்க்கும் ஒடுங்கிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. அதைப் பார்ஸ் என்பார்கள். உடம்பைப் பின்னால் வளைத்துத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாலத்தில் பாரம் விழுகிறது. வேகப்பந்து போடுகிறவன், வொலிபோலில் ஸ்மாஷ் அடிக்கிறவன், ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை எல்லோரும் இதையேதான் நாள் முழுக்கச் செய்கிறார்கள். கம்பியை இங்கும் அங்குமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் முறியும் அல்லவா, அது போல. பதின்ம வயதில் அந்த எலும்பு இன்னும் இறுகி முடிந்திருக்காது. முதலில் உள்ளே வீக்கம், பிறகு மயிரிழை வெடிப்பு, கடைசியில் முழு முறிவு. இந்த முறிவுக்கு ஸ்பொண்டிலோலைசிஸ் என்று பெயர். பெரும்பாலும் வருவது இடுப்பு முதுகெலும்பின் ஐந்தாவது, அதாவது கடைசிக் கட்டையில். அதற்கு அடுத்தபடியாக நான்காவதில்.

வலது கைப் பந்துவீச்சாளனுக்கு இது அதிகம் வருவது இடது பக்கத்தில். நீங்கள் "இடது பக்கம், ஒரு விரல்" என்று எழுதியதைப் பார்த்ததும்தான் பதில் போட உட்கார்ந்தேன்.

சாதாரண எக்ஸ்ரே காட்டுவது முழுசாக முறிந்து இடைவெளி விழுந்த எலும்பை. ஆரம்பத்திலுள்ள வீக்கமும் மயிரிழையும் அதில் தெரியாது. சரிவாக எடுக்கும் படத்தில் அந்த எலும்பு ஒரு நாய்க்குட்டி மாதிரி இருக்கும். முறிவு இருந்தால் நாயின் கழுத்தில் பட்டி கட்டியது போல ஒரு கோடு விழும். எங்களுக்குப் படிக்கும் காலத்தில் இதைத்தான் முதலில் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்தச் சரிவுப் படங்களால் கதிரளவுதான் கூடுகிறது, பெரிதாக ஒன்றும் கூடுதலாகத் தெரிவதில்லை என்று பல இடங்களில் இப்போது விட்டுவிட்டார்கள். ஆகவே "எக்ஸ்ரே நல்லாயிருக்கு" என்றால் எக்ஸ்ரேக்குத் தெரிகிற அளவில் நல்லாயிருக்கு, அவ்வளவுதான். உங்களுக்கு அப்படிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்.

பொஸ்டனில் ஒரு விளையாட்டு மருத்துவக் கிளினிக்குக்கு முதுகு வலியோடு வந்த 100 வளரிளம் வீரர்களையும் 100 பெரியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 1995இல் வெளியானது. பிள்ளைகளில் 47 பேருக்கு இந்த முறிவு, பெரியவர்களில் 5 பேருக்கு மட்டும். அது விசேட கிளினிக், அங்கே முற்றியவர்கள்தான் போயிருப்பார்கள். அதனால் நம் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 45 வயதுக்காரனின் முதுகு வலியை 15 வயதுப் பிள்ளையின் முதுகு வலியோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது என்று காட்டுவதற்கு அது போதும்.

நீங்கள் சொல்ல வேண்டியது: இரவில் தூக்கத்தைக் கலைக்கிற வலியா? காய்ச்சல், உடம்பு மெலிதல் உண்டா? வீட்டிலோ லயத்திலோ யாருக்காவது காசநோய் இருந்ததா? காலில் மரத்துப்போதல், பலக்குறைவு, சிறுநீர் போவதில் சிக்கல்? இதில் ஒன்று இருந்தாலும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் நாளைக்கே வைத்தியரிடம் போங்கள். அது வேறு விஷயம்.

நோர்வூட் அப்பா (செவ்வாய், மதியம் 1.05)

இவ்வளவு எழுதியதற்கு நன்றி சேர். இரவில் நன்றாகத் தூங்குகிறான். காய்ச்சல், மெலிவு ஒன்றும் இல்லை. கால் நல்லாயிருக்கிறது. காசநோய் யாருக்கும் இல்லை. அந்த நாய்க்குட்டியை எக்ஸ்ரேயில் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை. சின்னவள்தான் ஏமாந்துபோனாள்.

லிந்துலைக் காற்று (செவ்வாய், மாலை 4.30)

ஒரு சந்தேகம். என் அம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்தவர். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, நாளுக்கு 18 கிலோ, அதுவும் சரிவில் நின்றுகொண்டு. இன்றைக்கு முதுகு நிமிராது. அவருக்கு யாரும் ஸ்கேன் எழுதித் தந்ததில்லை, பெனடோல் மட்டும்தான். பையன்கள் பந்து போட்டால் மட்டும் ஏன் இவ்வளவு படம்? வயிற்றெரிச்சலில் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்கிறேன்.

எக்ஸ்ரே அறை, கண்டி (செவ்வாய், இரவு 8.20)

வயிற்றெரிச்சலோடு கேட்டாலும் நியாயமான கேள்விதான். அம்மாவின் வயதில் பெரும்பாலும் வட்டுத் தேய்வும் (கட்டைகளுக்கு இடையிலுள்ள மெத்தை தேய்வது) மூட்டுத் தேய்வும்தான். ஸ்கேனில் தேய்வு தெரியும், ஆனால் வலியே இல்லாத 60 வயதுக்காரரை எடுத்தாலும் அதே தேய்வுதான் தெரியும். படம் பார்த்து வைத்தியம் மாறப்போவதில்லை. பிள்ளையின் எலும்பு அப்படியில்லை, ஆரம்பத்தில் பிடித்தால் ஒட்டும். அதற்காக அம்மாவுக்குப் பெனடோலே போதும் என்று நான் சொல்லவில்லை. பிஸியோதெரபி கிளினிக்குக்கு வைத்தியரிடம் துண்டு எழுதி வாங்குங்கள்.

பதுளை பிஸியோ (செவ்வாய், இரவு 9.10)

எக்ஸ்ரே அறை அண்ணன் எழுதியதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்றில் என் கருத்து வேறு. இங்கே எல்லோரும் எந்தப் படம் என்றே பேசுகிறீர்கள். பையன் இன்றைக்கு மைதானத்துக்குப் போனானா இல்லையா என்று யாருமே கேட்கவில்லை.

நோர்வூட் அண்ணா, ஸ்கேன் திகதி கிடைக்கும்வரை அவன் பந்து போடக் கூடாது. "மெதுவாகப் போடுறேன்" என்பான், அதுவும் வேண்டாம். ஓட்டம், பாய்ச்சல், பின்னால் வளைதல் எல்லாம் நிறுத்தம். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஸ்கேனுக்குக் காத்திருக்கும் இரண்டு மாதமும் விளையாடிவிட்டு வருகிறார்கள். முதல் நாள் வெறும் வீக்கமாக இருந்திருக்கக்கூடியது படம் எடுக்கும் நாளில் வெடிப்பாகியிருக்கிறது. வலியுள்ள வளரிளம் வீரனுக்கு இப்படியான வரலாறு இருந்தால், நல்ல வைத்தியர் படத்துக்குக் காத்திராமலே விளையாட்டை நிறுத்திவிடுவார்.

ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்லும் கொக்குச் சோதனை ஒன்று இருக்கிறது. யூடியூப் பார்த்துவிட்டு வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். அதில் வலித்தாலும் முறிவு என்று அர்த்தமில்லை, வலிக்காவிட்டாலும் இல்லை என்று அர்த்தமில்லை. அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

அப்படியானால் படம் எதற்கு? வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க, ஏனென்றால் ஒரு பக்க ஆரம்பக் காயம் நன்றாக ஒட்டும், இரண்டு பக்கமும் முறிந்து பழசானது பெரும்பாலும் ஒட்டாது. அப்புறம், மனம் திறந்து சொன்னால், கோச்சை நம்பவைக்க. "வலிக்குது சேர்" என்றால் கேட்காதவர்கள் படத்தைக் கண்டால் வாயை மூடுகிறார்கள்.

நோர்வூட் அப்பா (செவ்வாய், இரவு 9.45)

இன்றைக்கு நெட்டில் 20 பந்து போட்டானாம். இப்போதுதான் கேட்டேன். நாளையிலிருந்து இல்லை.

அந்த ஊசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் சேர். அம்மாவிடம் நான் எதைச் சொல்வது?

எக்ஸ்ரே அறை, கண்டி (புதன், காலை 11.30)

டெக்னீசியம் 99எம் என்ற பொருளை எலும்பில் போய் ஒட்டும் ஒரு பொஸ்பொனேட் மருந்தோடு கலந்து கை இரத்த நாளத்தில் ஏற்றுவார்கள். எலும்பு எங்கே சுறுசுறுப்பாகத் தன்னைத் திருத்திக்கொண்டிருக்கிறதோ அங்கே அது கூடுதலாகச் சேரும். ஊசி போட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நன்றாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச்சொல்வார்கள். பிறகு கமராவின் கீழே அசையாமல் படுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடம்புக்குள் போகிறது, இதில் உடம்பிலிருந்து வருவதைக் கமரா பிடிக்கிறது. கமரா சுற்றிச் சுற்றி எடுத்தால் அது ஸ்பெக்ட். பார்ஸ் மாதிரிச் சின்ன இடத்துக்கு ஸ்பெக்ட் இல்லாமல் தட்டையாக எடுத்த படம் அவ்வளவு பயன்படாது. எழுதும்போதே ஸ்பெக்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டெக்னீசியத்தின் வீரியம் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். அடுத்த நாள் அதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம், அதிலும் பெரும்பகுதி சிறுநீரோடு போயிருக்கும். நம் இலங்கையில் அணு உலை கிடையாது, இதைத் தரும் ஜெனரேட்டர் (மின்சார மெஷின் இல்லை, டெக்னீசியத்தைக் கறந்தெடுக்கும் கலம்) விமானத்தில்தான் வர வேண்டும். அதற்குள் இருந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டிருக்கும் மொலிப்டினமும் 66 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும், வாங்கி அலுமாரியில் வைக்கிற சாமான் இல்லை. நினைத்த நாளில் இந்த ஸ்கேன் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். மலைநாட்டுக்காரருக்குக் கிட்டிய இடம் பேராதனை மருத்துவபீடத்தின் அணுமருத்துவப் பிரிவு.

கதிரளவைப் பெரியவர்களின் சராசரிக் கணக்கில் சொல்கிறேன். மண்ணிலும் காற்றிலும் வானத்திலுமிருந்து உலகில் ஒரு மனிதன் சராசரியாக வருசத்துக்கு 2.4 மில்லிசீவேர்ட் (கதிரளவைச் சொல்லும் அலகு) வாங்குகிறான். இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்ரே சுமார் 1.5. போன் ஸ்கேன் சுமார் 6. முதுகெலும்பு சி.டி.யும் (எக்ஸ்ரேயால் குறுக்குவெட்டாக எடுக்கும் படம்) சுமார் 6, ஒரே ஒரு கட்டையை மட்டும் குறைந்த அளவில் எடுத்தால் இன்னும் குறையும். எம்.ஆர்.ஐ. பூச்சியம். அம்மா பயப்படுகிற அளவுக்கு ஆபத்தில்லை. ஆனால் வளரும் பிள்ளை என்பதால், கதிரில்லாமல் அதே பதில் கிடைக்குமானால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

போன் ஸ்கேன் "இங்கே ஏதோ நடக்கிறது" என்று விளக்குக் காட்டும். வெடிப்புக் கோட்டைக் காட்டாது. 15 வயதில் எலும்பு வளரும் இடங்களான வளர்ச்சித் தட்டுகளும் படத்தில் சேர்ந்து எரியும் என்பதால் பார்க்கிறவருக்குப் பழக்கம் வேண்டும். பழைய, ஆறிப்போன முறிவு எரியவே எரியாது. கோட்டைத் தெளிவாகப் பார்க்க சி.டி. வேண்டும், ஆனால் கோடு விழாத வெறும் வீக்கம் சி.டி.யில் தெரியாது. எம்.ஆர்.ஐ. அந்த வீக்கத்தைக் காட்டும், நரம்பையும் வட்டையும் சேர்த்துக் காட்டும். ஸ்பெக்டை விட எம்.ஆர்.ஐ. சிலவற்றைத் தவறவிடும் என்று பல வருசம் வாதம் நடந்தது. மெஷினும் எடுக்கும் முறையும் நன்றாக இருந்தால் இப்போது பலர் முதலில் எம்.ஆர்.ஐ.யைத்தான் எழுதுகிறார்கள்.

ஆனால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். வட்டு விலகலுக்கு எடுக்கிற வழமையான எம்.ஆர்.ஐ.யை எடுத்துவிட்டு, "வட்டு நோர்மல்" என்று பெறுபேறு தந்தால் நீங்கள் நின்ற இடத்திலேயேதான் நிற்பீர்கள். விண்ணப்பத் துண்டில் "முதுகு வலி" என்று இரண்டு சொல் மட்டும் இருந்தால் நாங்கள் அப்படித்தான் எடுப்போம், வேறு வழியில்லை. "15 வயது, வலது கை வேகப்பந்து வீச்சாளர், இடது பக்க வலி, பார்ஸ் காயமா?" என்று எழுதித் தரச்சொல்லி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். கொழுப்பின் வெளிச்சத்தை அமர்த்தி நீர்வீக்கத்தை மட்டும் பளிச்சென்று காட்டும் எஸ்.டி.ஐ.ஆர். படமும் வேண்டும், பார்ஸ் வழியாகப் போகும் மெல்லிய வெட்டுகளும் வேண்டும். துண்டில் அந்த ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ராகலை ஓட்டக்காரி (புதன், இரவு 7.15)

நானும் எழுதலாமா? இது பையன்களின் முதுகு வலி மட்டும் இல்லை.

ஐந்து வருசத்துக்கு முன், 17 வயதில், நான் 5000 மீற்றர் ஓடினேன். விடிய 5 மணிக்குப் பனிக்குள் ஓட்டம், பிறகு வெறும் தேத்தண்ணீரும் ஒரு ரொட்டியும், பிறகு பள்ளிக்கூடம். இடுப்புக்குக் கீழே பின்பக்கம், பிட்டத்துக்குள் குத்துகிற மாதிரி வலி. இரண்டு தடவை எக்ஸ்ரே, இரண்டிலும் ஒன்றும் இல்லை. ஒரு வைத்தியசாலையில் "பரீட்சை பயமா பிள்ளை?" என்று கேட்டார்கள். எம்.ஆர்.ஐ. திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் மாமா காசு போட்டுத் தனியாரில் எடுத்தோம். முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பில் அழுத்த முறிவு. அது எக்ஸ்ரேயில் அநேகமாகத் தெரியவே தெரியாதாம்.

அந்தப் பெண் வைத்தியர் படத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தார். பிறகு அரை மணித்தியாலம் நான் என்ன சாப்பிடுகிறேன், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக வரவில்லை. ஓடினால் அப்படித்தான் என்று நினைத்து நான் யாரிடமும் சொல்லவில்லை. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்துமாம், பிறகு எலும்பு மெலியுமாம். விற்றமின் டி.யும் பார்த்தார், குறைவு.

பெண் பிள்ளைகளை ஓடவிடுகிற அப்பாமார் இதை அம்மாமாரிடம் காட்டுங்கள்.

பதுளை பிஸியோ (புதன், இரவு 8.00)

தங்கச்சி, இதை எழுதியதற்குப் பெரிய நன்றி. பையன்களும் இதற்கு விலக்கு இல்லை. பயிற்சிக்கு முன் ஒரு பிஸ்கட்டும் பயிற்சிக்குப் பின் ஒன்றுமே இல்லாததுமாக எத்தனை பேர் வருகிறார்கள்.

பழைய வேகம் (புதன், இரவு 10.40)

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிக்காதீர்கள். நாலு வருசத்துக்கு முன் சிறுநீரகக் கல்லுக்கு சி.டி. எடுத்தார்கள். கல்லைப் பற்றிச் சொல்லிவிட்டு, "ஐயா, உங்களுக்கு ஐந்தாவது கட்டையில் இரண்டு பக்கமும் பழைய முறிவு இருக்குதே, எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்டார் வைத்தியர். நான் எங்கே விழுந்தேன், போலிங்தான் போட்டேன். இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. இப்போதும் மரக்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறேன். ஆகவே முறிந்தாலும் ஒன்றும் ஆகாது என்பதுதானே இதற்கு அர்த்தம்?

எக்ஸ்ரே அறை, கண்டி (வியாழன், காலை 6.10)

சிரிக்கவில்லை அண்ணே. பெரியவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இந்த முறிவோடுதான் நடமாடுகிறார்கள், பலருக்கு வலியே இல்லை. சிலருக்கு மட்டும் மேல்கட்டை முன்னால் நழுவும். அதனால்தான் வலி இல்லாத பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஸ்கேன் எடுக்கக் கூடாது என்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன், நீங்கள் எத்தனை வயதில் போலிங்கை விட்டீர்கள்?

பழைய வேகம் (வியாழன், காலை 8.30)

22. முதுகு வலி தாங்காமல்தான். நல்லாத்தான் மடக்கிவிட்டீர்கள்.

மைதானத்து மாஸ்டர் (வியாழன், மதியம் 2.20)

நான் ஒரு பாடசாலையில் கிரிக்கெட் பழக்குகிறேன். இவ்வளவு நேரமும் அடி வாங்குகிற கட்சி நான்தான் போலிருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எங்களிடம் ஓவர்க் கணக்கு இருக்கிறது, பாடசாலை மேட்சுக்கு மட்டும். சனிக்கிழமை பாடசாலைக்கு 10 ஓவர் போட்ட பையன் ஞாயிற்றுக்கிழமை தோட்ட அணிக்கு மென்பந்துப் போட்டியில் போடுகிறான். போயா லீவில் பக்கத்துத் தோட்டத்துக்கு அழைப்பு ஆட்டக்காரன். அந்தப் பந்துகளை யார் எண்ணுவது? மலையில் புல் விக்கெட் எத்தனை இடத்தில் இருக்கிறது? கொங்கிரீட்டின் மேலே பாயை விரித்து, தேய்ந்துபோன சப்பாத்தோடு பிள்ளை முன்காலை அடித்து ஊன்றுகிறான். அந்த அடி எங்கே போகும்?

இங்கிலாந்தில் 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்துக்காரனுக்கு ஒரு ஸ்பெல்லில் (ஓய்வில்லாமல் போடும் ஒரு சுற்றில்) 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர் என்று பல வருசம் விதி வைத்திருந்தார்கள். என் பையன்களுக்கு அதையேதான் வைத்திருக்கிறேன். அப்புறம் தோளும் இடுப்பும் வேறு வேறு பக்கம் பார்க்கிற கலப்பு அக்ஷன். முதுகை முறுக்குவது அதுதான், 13 வயதிலேயே திருத்த வேண்டும்.

பையன்களிடம் நான் சொல்கிற கதை அவுஸ்திரேலிய வேகப்பந்துக்காரர் பெட் கமின்ஸ். 2011 நவம்பரில், 18 வயதில், ஜோஹனஸ்பேர்க்கில் முதல் டெஸ்ட். அடுத்த டெஸ்ட் 2017 மார்ச், ராஞ்சி. இடையில் போன காலத்தில் பெரும்பங்கு முதுகுக்குத்தான். இந்தியாவின் வேகப்பந்துக்காரர் பும்ராவுக்கும் 2019இல் ஒரு தடவை, 2022இல் மறுபடியும், பிறகு சத்திரசிகிச்சை. அவர்களுக்குக் கிடைக்கிற வைத்தியம் நம் பிள்ளைக்குக் கிடைக்குமா? நோர்வூட் அப்பா, உங்கள் மாஸ்டர் யார் என்று தெரியாது. அடுத்த மாத மேட்ச் அவன் இல்லாமலும் நடக்கும்.

நோர்வூட் அப்பா (இரண்டு கிழமை கழித்து, ஞாயிறு)

மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது. எம்.ஆர்.ஐ.தான் எடுத்தோம். விடிய 4 மணிக்கு ஹட்டனில் பஸ் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாகக் கண்டி. வளைவுகளில் இரண்டு பேரும் வாந்தி. துண்டில் அந்த வரியை எழுதித் தரச்சொல்லி வைத்தியரிடம் கேட்டேன். முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொண்டு "யார் சொன்னது?" என்றார். "ஒரு தெரிந்தவர்" என்றேன். எழுதித் தந்துவிட்டார்.

பெறுபேறு: ஐந்தாவது கட்டை, இடது பார்ஸில் எலும்புக்குள் நீர்வீக்கம், வெடிப்புக் கோடு தெளிவாக இல்லை. வலது பக்கம் சுத்தம். வட்டு நல்லாயிருக்கு. போன் ஸ்கேனும் சி.டி.யும் இப்போது தேவையில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் பந்து கிடையாது, பிஸியோவுக்குத் துண்டு. இடுப்புப் பெல்ட் போடலாமா என்று கேட்டோம், கட்டாயமில்லை என்றார்.

பையன் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மேட்சுக்கு ஸ்கோர் எழுதப் போனான். அவனுடைய இடத்தில் போட்ட பையன் நாலு விக்கெட் எடுத்தானாம், அதைத் தன் கையால் எழுத வேண்டி வந்தது பாவம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டுமா?

பதுளை பிஸியோ (ஞாயிறு, இரவு)

நல்ல செய்தி அண்ணா, உண்மையாகவே. ஒரு பக்கம், கோடு விழவில்லை, இதைவிட நல்ல நேரத்தில் பிடிக்க முடியாது. பெல்ட்டைப் பற்றி உலகம் முழுக்க இரண்டு கட்சி இருக்கிறது. பெல்ட் போடாமலும் பிள்ளைகள் நன்றாகவே சுகமாகிறார்கள், விளையாட்டை நிறுத்துவதுதான் முக்கியம். சும்மா படுத்திருக்கவும் வேண்டாம். வயிற்றுத் தசை, பிட்டத் தசைப் பயிற்சிகளை வலி அடங்கியதும் பிஸியோ தொடங்குவார். தொடையின் பின்பக்கத் தசை கயிறு மாதிரி இறுகியிருக்கும், அதையும் பார்ப்பார்.

ஸ்கேனை வைத்தியர் முடிவு செய்யட்டும். வலியில்லாமல் எல்லா அசைவும் வந்துவிட்டால் பலர் மறுபடி எடுப்பதில்லை. வலி திரும்பினால் கதை வேறு. இன்னொன்று, மூன்று மாதம் முடிந்த மறுநாள் மேட்ச் இல்லை. நின்ற இடத்திலிருந்து சில பந்து, பிறகு அரை ஓட்டம், பிறகு முழு ஓட்டம். அதற்கே இன்னும் ஆறு எட்டுக் கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

லிந்துலைக் காற்று (ஞாயிறு, இரவு)

அம்மாவுக்குத் துண்டு வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை கிளினிக்.

பழைய வேகம் (திங்கள், காலை)

நோர்வூட் தம்பி, பையனுக்கு நல்ல சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கள். கால் அளவை எனக்குத் தனியாக அனுப்புங்கள், ஹட்டனில் எனக்குத் தெரிந்த கடை இருக்கிறது.

நோர்வூட் அப்பா (நான்கு மாதம் கழித்து, சனி, மாலை)

சப்பாத்து சரியாக இருந்தது அண்ணே. பிஸியோ நேற்றுத்தான் அனுமதி தந்தார். இன்றைக்கு லயத்துக்கு மேலே உள்ள மைதானத்தில், நின்ற இடத்திலிருந்து, 12 பந்து. வலி இல்லை என்றான். நான் ஸ்டம்புக்குப் பின்னால் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். எண்ணியது அவனுடைய அம்மா, கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்து வேலியோரம் நின்றவர். பதின்மூன்றாவதுக்குக் கையைத் தூக்கியவனிடம் "போதும்டா, பந்தை அப்பாக்கிட்ட குடு" என்று கூப்பிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.